அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டது நான்: உளவியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உளவியல் ஆய்வுகளுக்கு வழிகாட்டுகிற உங்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற அறநெறிக் குழுவினருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆய்வேட்டில் 'பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மூலம் தரவுகள் திரட்டப்பட்டன' என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் இருக்கிறவள். மதுரையைச் சுற்றி, உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கத்து ஊர்களில் பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை வாசித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கட்டத்தில் டிக் போடுவதுதான் என் வேலை.

முதலில் ஒரு பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சில வருடங்களுக்கு முன், புளி சீசன். அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் சாக்கை விரித்து, சின்னச் சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே பதில் சொன்னார். என் கையில் இருந்தது மனச்சோர்வை அளக்கிற பிஎச்க்யூ-9. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2001-இல் வெளியான ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். எட்டுக் கேள்வி முடிந்தபோது கூட்டினால் 9 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. நான் வாயைத் திறக்கும் நேரத்தில் மருமகள் இடுப்பில் குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவின் கையில் சுத்தியல் நின்றது. அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நின்றது.

நான் கேட்கவில்லை. அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி. பதிலை ஏற்றுகிற டேப்லெட்டோ, ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. 0 போட்டேன். "முடிஞ்சிருச்சா தாயி?" என்று கேட்டார். "முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

மொத்தம் 9. பத்து வந்தால்தான் மனச்சோர்வு இருக்கக்கூடியவர் என்ற வரிசையில் சேர்ப்பார்கள். அந்த அம்மா சேரவில்லை. எங்கோ ஓர் ஆய்வேட்டின் அட்டவணையில், 'பாதிப்பு இல்லாதவர்கள்' என்ற சதவீதத்துக்குள் அவர் இருக்கிறார். அந்த 0 அவர் சொன்னதல்ல, நான் எழுதியது. தப்பு என்னுடையது; இதில் யாரையும் சாட்சிக்கு இழுக்க வரவில்லை. ஆனால் 'கேட்க முடியவில்லை' என்று எழுத அந்தப் படிவத்தில் ஓர் இடம் இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். இத்தனை வருடத்தில் அப்படி ஓர் இடம் வைத்த படிவங்களை நான் பார்த்தது இரண்டே இரண்டு.

மனதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வதே வீண் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கையில் பட்டை கட்டிப் பார்க்கலாம், சர்க்கரைக்கு விரல் நுனியில் குத்திப் பார்க்கலாம். ஒருவர் மனதுக்குள் என்ன பாரம் இருக்கிறது என்பதை அவரே சொன்னால்தான் உண்டு. அதனால்தான் முதல் உலகப் போர்க் காலத்தில் குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்துபோகக் கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்காவில் வுட்வொர்த் என்பவர் ஆமாம்-இல்லை கேள்விகளை அடுக்கினார். 1932-இல் லிக்கர்ட் 'முழுவதும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படி வைத்தார். இன்று நான் தூக்கிக்கொண்டு அலைகிற தாள்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மதிப்புள்ள கருவிகள்தான். ஆனால் சுய அறிக்கை என்று பெயர் வைத்துவிட்டு, அந்தச் 'சுயம்' நம் ஊர்த் திண்ணையில் எப்படிப் பேசும் என்று பார்க்காமலே எண்ணுகிறோம். என் மனக்குறை அது ஒன்றுதான்.

தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களிடம் தரப்படுகிற தமிழ் பெரும்பாலும் இன்னொரு மொழியின் நிழலோடு வருகிறது. 'சோர்வாக உணர்ந்தீர்களா?' என்று எழுதியிருக்கும். கேட்டது மனதை. ஆனால் நாற்று நட்டுவிட்டு வந்த அம்மாவின் காதில் விழுவது உடம்பு. "காலையில அஞ்சு மணிக்கு வயல்ல எறங்குனா சோர்வா இருக்காதா?" என்று அவர் திருப்பிக் கேட்பார், நான் 3 போடுவேன். களைப்பைப் பற்றி இன்னொரு கேள்வி பின்னால் தனியாக வரும், அதற்கும் 3. ஒரே நடவு வேலைக்கு இரண்டு முறை மார்க். இதற்கு நேர் எதிர், கவனம் செலுத்துவது பற்றிய கேள்வி. பேப்பர் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ மனம் ஒன்றாமல் போகிறதா என்று உதாரணம் கொடுத்திருப்பார்கள். "நான் எங்க தாயி பேப்பர் படிக்கப் போறேன்" என்பார். 0. அடுப்பில் பால் வைத்ததை மறந்து மூன்று தடவை பொங்கவிட்டதாகப் பேச்சுவாக்கில் பத்து நிமிடம் முன்புதான் சொல்லியிருப்பார். அது எந்தக் கட்டத்திலும் வராது.

மனம் சரியில்லை என்பதற்கு நம் மக்களிடம் வார்த்தைக்கா பஞ்சம்? மனசு பாரமா இருக்கு, ஒண்ணும் ஓடல, நெஞ்சு படபடங்குது, சோறு எறங்கல, யாரையும் பாக்கப் புடிக்கல, ஈரக்கொலையே நடுங்குது. இத்தனையும் ஒரே வாரத்தில் ஒரே தெருவில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். படிவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு பதற்ற அளவுகோலின் தமிழில், விளிம்பில் நிற்பது போல இருக்கிறதா என்று இருந்தது. பெரியவர் ஒருவர் முகம் மாறிப்போய், "எந்தக் கெணத்து விளிம்புல?" என்று கேட்டார். அவர் வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதியவருக்கு இது தெரிய வழியில்லை. மொழிபெயர்த்ததைத் திரும்ப மூலமொழிக்கே பெயர்த்துச் சரிபார்க்கிறோம் என்பீர்கள். சரி, செய்ய வேண்டியதுதான். 1970-இலேயே பிரிஸ்லின் அந்த முறையை விளக்கிவிட்டார். ஆனால் 'விளிம்பு' என்ற சொல் போன வழியே பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். கிணறு அந்தச் சோதனையில் தட்டுப்படாது.

அப்புறம் இந்த எதிர்மறை வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகளைத் தலைகீழாகக் கேட்பது நல்ல உத்தி. ரோசன்பெர்க் 1965-இல் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய தன்மதிப்பு அளவுகோலில் பத்தில் ஐந்து அப்படித்தான் இருக்கும். ஆனால் தமிழில் 'பெருமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை என்று உணர்கிறேன், சரியா?' என்று கேட்டால், "இல்ல" என்பது என்ன பதில்? 'ஒன்றும் இல்லைதான்' என்றும் இருக்கலாம், 'அப்படி இல்லை, இருக்கிறது' என்றும் இருக்கலாம். தூக்கம் வரவில்லையா என்று கேட்டால் "ஆமா, வரல" என்கிறவர்களும் உண்டு, "இல்ல, வரல" என்கிறவர்களும் உண்டு; இரண்டும் சுத்தமான தமிழ். வெறும் "இல்ல"-வை வைத்துக்கொண்டு நான் டிக் போடுகிற ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி ஊகம்தான்.

அதே அளவுகோலில், தன்னிடம் பல நல்ல குணங்கள் இருப்பதாக நினைக்கிறீர்களா என்று ஒரு வாக்கியம். இதைக் கேட்டதும் எத்தனை பெண்கள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிச் சிரித்திருக்கிறார்கள் தெரியுமா? "அத நானா சொல்றது? ஊர்ல கேளுங்க" என்பார்கள். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அசிங்கம் என்று வளர்ந்தவர் அவர். அவர் தயங்கி நடுவில் ஒரு கட்டத்தைக் காட்டினால், அது 'குறைந்த தன்மதிப்பு' என்று உங்கள் மேசைக்கு வருகிறது. நான் பார்த்ததில், தன் பிள்ளைகள் மூவரையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கிய பெண், தெருவே மரியாதை வைத்திருக்கிற பெண், அந்த அளவுகோலில் கீழ்ப்பாதியில் விழுந்தார்.

வந்தவர்களிடம் "நல்லா இருக்கோம்" என்று சொல்வது நம் வீடுகளில் பதில் இல்லை, மரியாதை. தண்ணீர் கொடுப்பது மாதிரி. அதே சமயம் "ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்றும் சொல்லமாட்டார்கள், கண் பட்டுவிடும். "ஏதோ இருக்கோம்" என்ற அந்த நடு வார்த்தை எல்லா வீட்டிலும் உண்டு. ஐந்து படியில் 3 குவிந்துகிடப்பதைப் பார்த்து 'மிதமான வாழ்க்கை நிறைவு' என்று ஆய்வேடு எழுதும்போது, அந்த 3-இல் எத்தனை நிறைவு, எத்தனை நாசூக்கு, எத்தனை திருஷ்டி பயம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

யார் வந்து கேட்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றுகிறது. கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்த பிறகு, நான் எந்தக் கல்லூரி ஆய்வுக்குப் போனாலும், அது ஆயிரம் ரூபாய் பட்டியலுக்கான கணக்கெடுப்பு என்றே பாதி வீடுகளில் நினைக்கிறார்கள். இல்லை என்று விளக்கிச் சொன்ன பிறகும் நினைக்கிறார்கள். அப்போது கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது பொய்யா? அவர்கள் பக்கம் நின்று பார்த்தால், அரசாங்கத்திடம் பேசுகிற முறை அது.

சொல்வதும் செய்வதும் வேறு வேறாக இருக்கும் என்பது புதிய செய்தி இல்லை. 1934-இல் லாபியர் எழுதியதை உங்கள் வகுப்புகளில் நீங்களே நடத்துகிறீர்கள். ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனார்; 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிச் சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று மேசையில் நின்றவரும் ஒருவர்தானா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் தாளில் பேசுகிற மனிதர் வேறு, ஆள் எதிரில் வந்து நிற்கும்போது நடந்துகொள்கிற மனிதர் வேறு என்பதை மறக்க முடியவில்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் உதவியது. ஜெர்மனியில் ஷ்வார்ஸும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்டது. தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று இரண்டு குழுவிடம் கேட்டார்கள். ஒரு தாளில் கட்டங்கள் அரை மணியில் ஆரம்பித்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்று முடிந்தன. இன்னொன்றில் இரண்டரை மணியில்தான் ஆரம்பமே. முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் என்றவர்கள் 16 சதவீதம், அடுத்த குழுவில் 37 சதவீதத்துக்கு மேல். கேள்வி ஒன்றுதான். ஊரில் எல்லோரும் எவ்வளவு பார்ப்பார்கள் என்பதைக் கட்டங்களே சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. ஆட்கள் நடுவில் போய் நின்றுகொள்கிறார்கள். இதைப் படித்த பிறகு, செல்போன் பயன்பாட்டையோ குடியையோ பற்றிய படிவம் கையில் வந்தால் முதலில் கட்டங்களைத்தான் பார்க்கிறேன். இதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு முனைவர் பட்ட மாணவிதான். அவரது நெறியாளர் அப்படி ஒருவர். அந்த ஆய்வில் வேலை பார்த்த மூன்று மாதம் நான் மறக்க முடியாதது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

'கடந்த இரண்டு வாரங்களில்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில், ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாத வாழ்க்கையில், இரண்டு வாரம் என்பது காற்றில் இருக்கிற அளவு. போன வருடம் பிள்ளை இறந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள், நேற்றுச் சண்டையை நினைத்துக்கொண்டும் சொல்வார்கள். அந்த மாணவியும் நானும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். போகிற நாளைப் பொறுத்து, "போன அமாவாசையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும்" என்றோ "பௌர்ணமிக்கு அப்புறம்" என்றோ கேட்டோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே கிட்டத்தட்ட பதினைந்து நாள். சில ஊரில் கோயில் கொடையையோ சந்தை நாளையோ வைத்துச் சொன்னோம். உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்: "கொடைக்கு மறுநாள் தூங்கல, அதுக்கடுத்த செவ்வாயும் தூங்கல." அதுவரை "அப்பப்ப இருக்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆட்கள்.

அந்த மாணவி செய்தது இவ்வளவுதான். படிவத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அதற்குப் பதில் சொல்லப்போகிற மாதிரி ஆட்கள் பன்னிரண்டு பேரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். பதில் வந்ததும் அங்கேயே, "நான் கேட்டது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதும்மா, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். உங்கள் துறையில் இதற்கு அறிதல்சார் நேர்காணல் என்று பெயர் இருப்பதாகச் சொன்னார். பத்து நாளில் முடிந்தது. இருபது கேள்வியில் ஏழு மாறியது. 'சோர்வு' போய் 'மனசு பாரம்' வந்தது. மாற்றிய கேள்விகளை மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, எதை ஏன் மாற்றினோம் என்று பின்னிணைப்பில் நான்கு பக்கம் எழுதினார்.

அந்த நான்கு பக்கத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களிடம் வருகிற ஒவ்வொரு ஆய்வேட்டிலும் அது இருக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண், எவ்வளவு என்று கேட்கிறீர்கள், 0.7-ஐத் தாண்டினால் தலையசைக்கிறீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சூத்திரம் தெரியாது என்று நினைக்காதீர்கள், தேடிப் படித்தேன். கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் இருந்து, மரியாதைக்காகச் சிலர் எல்லாவற்றுக்கும் 4 என்றும், சலிப்பில் சிலர் எல்லாவற்றுக்கும் 2 என்றும் சொல்லிவிட்டால், ஆல்ஃபா உயரத்தான் செய்யும். கேள்வி புரிந்ததா என்பதை அது சொல்லாது. கேள்வியை யார் வாசித்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள் என்றும் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி இரண்டு நாளில் முந்நூறு பேர் என்று கணக்குக் காட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நிரப்புகிறவர்கள் அதே துறை மாணவர்களின் நண்பர்கள். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. அதைத் 'தமிழக இளைஞர்கள்' என்று தலைப்பில் போடாமல் இருந்தால் போதும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்குத் திரும்ப வருகிறேன், எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளுக்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது, கேட்கவில்லை என்று பதிந்துவிட்டு மேலே போக வேண்டும். நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிற கணக்கெடுப்பில் முடிகிறது. இருநூறு பேரைப் பார்க்கிற ஓர் ஆய்வில் ஏன் முடியாது? மாமியார் கூடத்தில் இருக்கும்போது மணவாழ்க்கை நிறைவு பற்றி இருபத்தைந்து கேள்வி கேட்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். மனைவி பக்கத்தில் நிற்கும்போது, ஒரு தடவையில் எத்தனை குவார்ட்டர் என்று புருஷனிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்ன பதிலை என் கண் முன்னால் அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் எழுத இடமில்லை.

அந்த ஒன்பதாவது கேள்வி. சாவைப் பற்றிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள்; நான் பார்த்தவரை கேட்டதில் பலருக்கு மூச்சு இறங்கியிருக்கிறது. ஆனால் 'ஆமாம்' என்று சொன்னால் அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இது அந்த வீடுகளுக்குத் தெரியாது, "போலீஸ் கேசாகுமா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அதைக்கூட அச்சிடாத படிவங்களை நான் தூக்கிப் போயிருக்கிறேன். 'ஆமாம்' என்று சொன்னவரைக் கட்டத்தில் ஒரு 2 ஆக மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அறநெறிக் குழுவினரே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணால், ஒருவர் 'ஆமாம்' என்றால் அன்றைக்கே யாருக்குப் போன் போக வேண்டும், யார் அவரைப் போய்ப் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிராவிட்டால் அந்தக் கேள்வியோடு எங்களை அனுப்பாதீர்கள்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், பணம் பிடிக்கும், தெரியும். ஒரு நாளைக்கு இருபது படிவம் என்று பேசி, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால், இருபதாவது வீட்டில் நான் கேட்பது கேள்வியாக இருக்காது. எட்டு போதும். சரியான எட்டு. மாணவர்களுக்குக் காலக்கெடு இருக்கிறது, மானியம் குறைவு. அதனால் சேம்பிளைப் பாதியாகக் குறைக்க அனுமதியுங்கள். நானூறுக்குப் பதில் இருநூறு பேர் என்றால் எந்த அவமானமும் இல்லை. அப்புறம் ஒரு நாளாவது நீங்களே எங்களோடு வாருங்கள். உங்கள் மாணவரின் படிவத்தை உங்கள் வாயால், ஒரு திண்ணையில் உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை வாசித்துப் பாருங்கள்.

நான் அந்தப் புளி தட்டுகிற அம்மா வீட்டுக்கு மறு வாரம் போனேன். ஆய்வுக்காக இல்லை. வீடு பூட்டியிருந்தது, அவர் தன் மகளின் ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் எனக்கு வேலை வரவில்லை.

படிவத்தில் இடம் இல்லாததை எல்லாம் எழுதி வைத்த நோட்டுகள் என்னிடம் ஏழு இருக்கின்றன. பெயரோ ஊரோ எதிலும் இல்லை. எந்தக் கேள்விக்கு என்ன வார்த்தையில் பதில் வந்தது, எங்கே பேச்சு நின்றது, யார் உள்ளே வந்தார்கள், அவ்வளவுதான். புதிதாக ஓர் அளவுகோலைத் தமிழில் எழுதுகிறவர், பழையதைத் திருத்துகிறவர் யாராக இருந்தாலும், கேட்டால் கொண்டுவந்து கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். என் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியாது.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வுகளுக்குக் கேள்வி வாசிக்கிற ஒரு களப்பணியாளர்,
மதுரை